கோணலாகச் சேர்ந்த கை எலும்பு: சிறு துளை வழியே சீராக்கலாம்



கால் ஒடிந்தால் வீடே கூடிவிடுகிறது. நடக்க முடியாது என்பதால் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கையில் ஒரு விரல் ஒடிந்தால் அந்த அவசரம் இருப்பதில்லை. "விரல்தானே, தானாகச் சேர்ந்துவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. விரல் எலும்பு பெரும்பாலும் தானாகவே சேர்ந்துவிடும். ஆனால் அது நேராகச் சேர்ந்ததா, கோணலாகச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. கோணலாகச் சேர்ந்த எலும்பு வலியில்லாமலும் இருக்கலாம். ஆயினும் அந்தக் கை முன்போல் வேலை செய்யாது.

வணக்கம் சொல்வது கையால். சோறு பிசைந்து உண்பது கையால். குழந்தையைத் தூக்குவது, மோட்டார்சைக்கிளின் பிரேக்கைப் பிடிப்பது, இயந்திரத்தை இயக்குவது எல்லாமே கையால்தான். ஆகவே கோணலாகச் சேர்ந்துவிட்ட கை எலும்பை என்ன செய்யலாம், தோலைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளை வழியே அதைச் சீராக்கும் முறை எத்தகையது, அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும்.

ஒரு தொழிலாளியின் நிலை

எளிதில் விளங்கும் பொருட்டு ஓர் உதாரணத்தை மனத்தில் கொள்ளலாம். தொழிற்சாலையில் வேலை செய்யும் 34 வயது குடும்பத் தலைவர் ஒருவர் காலையில் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார்சைக்கிளிலிருந்து சறுக்கி விழுகிறார். வலது கையின் பின்புறம் வீங்கிவிடுகிறது. அருகில் உள்ள கிளினிக்கில் வலி மாத்திரை வாங்கிக்கொள்கிறார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்கிறார்கள். அன்று நேரமில்லை. வீட்டில் எண்ணெய் போட்டு நீவி விடுகிறார்கள். நான்கு நாளில் வீக்கம் குறைகிறது. விடுப்பு எடுத்தால் ஓவர்டைம் போய்விடும் என்று மறுபடியும் வேலைக்குப் போய்விடுகிறார்.

மூன்று மாதம் கழிகிறது. வலி இல்லை. ஆனால் ஸ்பேனரைப் பிடித்தால் மோதிர விரல் சுண்டுவிரலின் மேல் ஏறிக்கொள்கிறது. பிடி இறுகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் விரல்களுக்கு இடையே சோறு வழிந்து விழுகிறது. உறவினர் வீட்டு விருந்தில் நாலு பேர் பார்க்கக் கூடாது என்று கரண்டி கேட்கிறார். வேலையில் பொருள் இரண்டு முறை கைதவறி விழுந்த பிறகு மேற்பார்வையாளர் அவரை வேறு பிரிவுக்கு மாற்றுகிறார். வருமானம் குறைகிறது. இத்தனைக்கும் காரணம் உள்ளங்கையில் உள்ள ஒரே ஓர் எலும்பு.

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் கை அறுவை சிகிச்சைப் பிரிவுகளுக்குத் தாமதமாக வருபவர்கள் பலரின் கதை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. மலேசியச் சாலை மரணங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார்சைக்கிளில் செல்வோரே என்பது பலரும் அறிந்தது. உயிர் தப்பியவர்களின் கைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

எலும்பு எப்படித் தவறாகச் சேர்கிறது?

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டைவிரலுக்கு இரண்டு எலும்பு, மற்ற நான்கு விரல்களுக்கும் மும்மூன்று.

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் இரத்தம் உறைகிறது. பிறகு மென்மையான திசு வளர்ந்து இரு முனைகளையும் இணைக்கிறது. மூன்று, நான்கு வாரங்களில் அதில் இளம் எலும்பு படிந்து முறிவு ஒட்டிக்கொள்கிறது. முனைகள் நேராக இருக்கின்றனவா என்று உடல் பார்ப்பதில்லை. எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே ஒட்டிவிடும். கொத்தனார் நூல் பிடிக்காமல் சுவர் எழுப்பினால், சுவர் உறுதியாகத்தான் நிற்கும். ஆனால் கதவு பொருந்தாது. அது போன்றதே இது.

தவறாகச் சேர்ந்த எலும்பில் பொதுவாக நான்கு வகைக் குறைகள் காணப்படுகின்றன.

முதலாவது வளைவு. எலும்பு முன்பக்கமோ பின்பக்கமோ வளைந்து நிற்கும். இரண்டாவது குட்டையாகிப் போவது. முறிந்த முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சேர்ந்துவிடும். உள்ளங்கை எலும்பு 2 மில்லிமீட்டர் குறைந்தாலே, விரலை முழுமையாக நீட்ட முடியாமல் சுமார் 7 டிகிரி தொங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மூன்றாவது திருகல். எலும்பு தன் அச்சில் சுழன்ற நிலையில் ஒட்டிக்கொள்ளும். நான்காவது, மூட்டுக்குள் சென்ற முறிவு படிக்கட்டுபோல் மேடு பள்ளமாகச் சேர்வது. இது நாளடைவில் குருத்தெலும்பைத் தேய்த்து மூட்டு வலிக்கு வழிவகுக்கும்.

இந்த நான்கில் திருகலே மிகவும் ஏமாற்றக்கூடியது. விரல் நீட்டியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரே படத்திலும் எளிதில் பிடிபடாது. உள்ளங்கை எலும்பு வெறும் 5 டிகிரி திருகியிருந்தால்கூட, கையை மூடும்போது விரல் நுனி சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் விலகிப் பக்கத்து விரலின் மேல் ஏறிவிடும். அடியில் சிறிதாக உள்ள பிழை நுனியில் பெரிதாகிறது.

கையை மூடிப் பாருங்கள்

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. இரு கைகளையும் உள்ளங்கை தெரியும்படி நீட்டி, நான்கு விரல்களையும் மெதுவாக மடக்க வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினால் அவற்றின் நுனிகள் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்கு அருகே உள்ள சிறு மேட்டை நோக்கியே செல்லும். எந்த விரலாவது வழி தவறிப் பக்கத்து விரலின் மேலோ கீழோ போனால் அங்கே திருகல் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அடிபட்ட கையை அடிபடாத கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முக்கியம். சிலருக்குப் பிறவியிலேயே விரல்கள் சற்றுச் சாய்ந்திருக்கும்.

அடிபட்ட முதல் வாரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்திருந்தால், மேற்கூறிய தொழிலாளிக்குப் பின்னாளில் அறுவை சிகிச்சையே தேவைப்பட்டிருக்காது. புதிய முறிவை மரத்துப்போகும் ஊசி போட்டு நேராக்கி, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டியோ, மெல்லிய கம்பி செருகியோ சரிசெய்திருக்கலாம்.

சுளுக்கு எடுப்பதும் நீவி விடுவதும் பல தலைமுறைகளாக இருந்து வரும் பழக்கம். தசைப்பிடிப்புக்கு அது இதம் தரலாம். ஆனால் உள்ளே எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாமல் நீவினால், நகராமல் இருந்த முறிவும் நகர்ந்துவிடும். எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்று உறுதியான பிறகே நீவ வேண்டும். 1895 ஆம் ஆண்டு டிசம்பரில் ரான்ட்ஜன் தம் மனைவியின் கையைத்தான் எக்ஸ்ரே படம் எடுத்தார். மனித எலும்பைக் காட்டிய அந்தப் புகழ்பெற்ற படமே ஒரு கையின் படம். அந்த வசதி இன்று எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது அறியாமையே ஆகும்.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர்களுக்கும் ஒரு சொல். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்துவிடும். உள்ளே எலும்பு மீண்டும் நகரக்கூடும். அதனால்தான் ஒரு வாரம் கழித்து மறு எக்ஸ்ரேக்கு வரச் சொல்கிறார்கள். அந்த நாளைத் தவறவிடுபவர்களும் கட்டைத் தாங்களே வெட்டி எடுத்துவிடுபவர்களும் கோணல் விரலோடு திரும்பி வருகிறார்கள்.

பழைய முறையும் அதன் சிக்கலும்

கோணலாகச் சேர்ந்த எலும்பைச் சீராக்க ஒரே வழி, அதை மறுபடியும் வெட்டி, சரியான நிலைக்குத் திருப்பி, சேரும்வரை அசையாமல் பிடித்து வைப்பதுதான். இது புதிய கருத்து அல்ல. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைத் திருத்த உள்ளங்கை எலும்பை வெட்டித் திருப்பும் சிகிச்சையை வெக்கெசர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1965 இலேயே மருத்துவ இதழில் விவரித்திருக்கிறார்.

வழக்கமான முறையில், கையின் பின்புறத் தோலைச் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் திறந்து, எலும்பை வெளிப்படுத்தி, நுண்ணிய ரம்பத்தால் அறுத்து, உலோகத் தகடும் திருகாணிகளும் பொருத்துவார்கள். எலும்பு உறுதியாக நிற்கும். பல நோயாளிகளுக்கு இன்றும் இதுவே ஏற்ற முறை.

ஆனால் கையின் அமைப்பில் ஒரு சங்கடம் உண்டு. தொடையிலோ புஜத்திலோ எலும்புக்கும் தோலுக்கும் இடையே பருத்த தசை இருக்கிறது. கையின் பின்புறத்தில் அப்படி இல்லை. தோலுக்குக் கீழே விரலை நீட்டும் தசைநாண்கள், அவற்றுக்குக் கீழே உடனே எலும்பு. தசைநாண் என்பது தசையையும் எலும்பையும் இணைக்கும் கயிறு போன்றது. விரல் அசையும்போதெல்லாம் அது எலும்பின் மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். நீளமாகக் கிழித்துத் தகடு வைத்தால், ஆறும்போது உண்டாகும் வடுத் திசு தசைநாணையும் எலும்பையும் ஒன்றாக ஒட்டிவிடக்கூடும். எலும்பு நேராகிவிடும், விரல் மடங்காது. எக்ஸ்ரே படம் அழகாக இருக்கும், கை பயன்படாது. சிலருக்கு ஒட்டிய தசைநாணை விடுவிக்கவே இன்னோர் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

இந்த ஒட்டலைக் குறைக்கத்தான் சிறு துளை முறை வந்தது. தழும்பு சிறியதாக இருப்பது கூடுதல் நன்மை, அவ்வளவுதான். தசைநாண்களைக் குலைக்காமல், சில நாட்களிலேயே விரலை அசைக்க விடுவதே இதன் முதன்மை நோக்கம்.

சிறு துளை வழியே நடப்பது என்ன?

மருத்துவர் முதலில் எக்ஸ்ரே படங்களையும், தேவையானால் சிடி ஸ்கேனையும் பார்த்து, எலும்பு எந்த இடத்தில், எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று கணக்கிடுகிறார். சிக்கலான கோணலாக இருந்தால் அடிபடாத கையின் படத்தைக் கணினியில் திருப்பிப் போட்டு ஒப்பிடும் வழக்கமும் வந்துவிட்டது.

அறுவைக் கூடத்தில் சிறிய எக்ஸ்ரே கருவி கையருகே வைக்கப்படுகிறது. எலும்பின் நிழல் திரையில் உடனுக்குடன் தெரியும். வெட்ட வேண்டிய இடத்துக்கு நேராகத் தோலில் 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இடுகிறார்கள். ஓர் அரிசிமணியின் நீளம் என்று சொல்லலாம். மழுங்கிய முனையுள்ள கருவியால் தசைநாணையும் நரம்பையும் பக்கவாட்டில் ஒதுக்கி, ஒரு சிறு குழாயை எலும்புவரை இறக்குகிறார்கள். அந்தக் குழாய் வழியே மெல்லிய துரப்பணத்தால் எலும்பில் வரிசையாகத் துளைகள் போடப்படுகின்றன. அஞ்சல்தலைத் தாளில் கிழிப்பதற்காக ஓட்டைகள் போட்டிருப்பார்களே, அதைப்போல. எலும்பு சூடாகிக் கருகிவிடாமல் இருக்க உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பிறகு சிற்றுளியால் மெல்லத் தட்டினால் துளைகளின் வரிசையில் எலும்பு ஒழுங்காகப் பிரிகிறது.

திருகலைச் சரிசெய்யும்போது, பழைய முறிவு எங்கே இருந்தாலும், உள்ளங்கை எலும்பின் அடிப்பகுதியில் வெட்டுவது பலருக்கும் வசதியாக அமைகிறது. அங்கே எலும்பு அகலமாகவும் உள்ளே பஞ்சு போன்றும் இருப்பதால் விரைவில் சேரும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. 1985 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இவ்வாறு உள்ளங்கை எலும்பைத் திருப்புவதால் சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றில் 18, 19 டிகிரி வரையிலும், சுண்டுவிரலில் 20 முதல் 30 டிகிரி வரையிலும் மட்டுமே திருத்த முடியும். அதற்கு மேல் திருகியிருந்தால் முறிந்த இடத்திலேயே வெட்ட வேண்டியிருக்கும்.

திருப்பிய எலும்பைப் பிடித்து வைக்க மெல்லிய எஃகுக் கம்பிகள் செருகப்படுகின்றன. ஜெர்மானிய அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909 இல் அறிமுகப்படுத்தியதால் இவை கிர்ஷ்னர் கம்பிகள் எனப்படுகின்றன. கைக்குப் பயன்படுபவை பெரும்பாலும் 0.8 முதல் 1.6 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. சில வேளைகளில் விரல் முட்டியில் சிறு வெட்டு இட்டு, எலும்பின் உள்ளே நீளவாக்கில் தலையில்லாத திருகாணி ஒன்றைச் செலுத்துவதும் உண்டு. அது வெளியே நீட்டிக்கொண்டிருக்காது என்பதால் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கலாம்.

விழித்திருக்கும் நோயாளியே வழிகாட்டி

எத்தனை டிகிரி திருப்பினால் சரி என்பதை மருத்துவர் எப்படி அறிகிறார்? நோயாளி மயக்கத்தில் இருந்தால் மணிக்கட்டை மடக்கி நீட்டி, விரல்கள் தாமாக மடங்குவதைப் பார்த்து மதிப்பிட வேண்டும். அது முழுமையானது அல்ல.

இப்போது பல இடங்களில் நோயாளி விழித்திருக்கும்போதே கை அறுவை நடக்கிறது. கனடாவைச் சேர்ந்த டாக்டர் டொனால்ட் லாலோண்ட் இந்த முறையை உலகெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர். மரத்துப்போகும் மருந்தோடு அட்ரினலின் கலந்து கையில் ஊசி போடுகிறார்கள். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இரத்தக் கசிவு குறைகிறது. அதனால் புஜத்தில் இறுக்கப் பட்டை கட்டத் தேவையில்லை, முழு மயக்கமும் தேவையில்லை. ஊசி போட்டு ஏறத்தாழ 25 நிமிடம் பொறுத்திருந்து வேலையைத் தொடங்குகிறார்கள்.

விரலில் அட்ரினலின் போடவே கூடாது, விரல் அழுகிவிடும் என்று மருத்துவக் கல்லூரிகளில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுக்கப்பட்டது. லாலோண்டும் அவருடைய குழுவினரும் 2005 இல் 3,110 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அதனால் விரல் அழுகவில்லை. விரல் நீண்ட நேரம் வெளுத்திருந்தால் அட்ரினலினின் வேலையை முறிக்கும் மாற்று மருந்தும் உண்டு.

இதனால் நோயாளிக்குக் கிடைக்கும் பெரும் நன்மை அறுவை மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. எலும்பைத் திருப்பி ஒரு கம்பியைச் செருகியதும் மருத்துவர், "கையை மூடுங்க, திறங்க" என்கிறார். நோயாளி தம் சொந்தத் தசையின் பலத்தால் கையை மூடுகிறார். மோதிர விரல் தன் இடத்தில் போய் நின்றால் மற்றக் கம்பிகளைச் செருகலாம். இன்னும் சற்று ஏறினால் கம்பியை எடுத்துவிட்டு மறுபடியும் திருப்பலாம். மூன்று மாதமாகத் தப்பிப் போன விரல் உரிய இடத்தில் மடங்குவதை அவரே கண்ணால் பார்க்கிறார். பிறகு பயிற்சி செய்யும் மன உறுதிக்கு அந்தக் காட்சி பெரிதும் உதவுகிறது.

முழு மயக்கம் இல்லாததால், இருதய நோயும் நீரிழிவும் உள்ள முதியவர்களுக்கும் இது ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் அறுவைக் கூடத்தைக் கண்டாலே பதறுபவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஏற்றதல்ல.

மூட்டுக்குள் நுழையும் கேமரா

மூட்டின் மேற்பரப்பு மேடு பள்ளமாகச் சேர்ந்திருந்தால் எக்ஸ்ரே திரை மட்டும் போதாது. அதற்கு மூட்டு நோக்கி எனப்படும் மெல்லிய குழாய்க் கேமரா பயன்படுகிறது. மணிக்கட்டுக்குச் சுமார் 2.7 மில்லிமீட்டர், விரல் மூட்டுகளுக்கு 1.9 மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிகள் உள்ளன. மணிக்கட்டு மூட்டுக்குள் தவறாகச் சேர்ந்த முறிவைக் கேமராவில் பார்த்துக்கொண்டே உள்ளிருந்து வெட்டிச் சமன்செய்யும் முறையை ஸ்பெயின் நாட்டு மருத்துவர் பிரான்சிஸ்கோ டெல் பினால் 2006 இல் விவரித்தார். குருத்தெலும்பு தேயும் முன்பே இதைச் செய்ய வேண்டும். மூட்டு முற்றிலும் தேய்ந்த பிறகு மேட்டைச் சமன்செய்வதால் பெரிய பயன் இராது.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

கோணலாகச் சேர்ந்த எல்லா விரலுக்கும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. சுண்டுவிரலின் உள்ளங்கை எலும்பு கழுத்துப் பகுதியில் ஓரளவு வளைந்து சேர்ந்தாலும் பெரும்பாலோர் வழக்கம்போல் வேலை செய்கிறார்கள். முட்டி சற்று உள்வாங்கித் தெரியும், அவ்வளவுதான். வளரும் குழந்தைகளின் எலும்பு, விரல் மடங்கும் திசையிலுள்ள வளைவை நாளடைவில் தானே சீராக்கிக்கொள்ளும். ஆனால் திருகலைக் குழந்தையின் எலும்பும் சரிசெய்வதில்லை என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

விரல் பக்கத்து விரலின் மேல் ஏறுகிறது, பிடி தளர்கிறது, வேலையோ அன்றாடக் காரியமோ தடைப்படுகிறது என்றால் சிகிச்சையை நாடலாம். சுமார் 10 வாரத்துக்குள் வந்தால் பழைய முறிவின் கோட்டை இன்னும் அடையாளம் காண முடியும். அதே கோட்டில் பிரிப்பது எளிது. மாதங்கள், ஆண்டுகள் கடந்த பிறகும் திருத்தலாம். ஆனால் அதற்குள் மூட்டு இறுகி, தசைநாண் ஒட்டியிருந்தால் சிறு துளை மட்டும் போதாது. எலும்பு மிகவும் குட்டையாகி, இடுப்பிலிருந்தோ மணிக்கட்டிலிருந்தோ எலும்புத் துண்டு எடுத்து வைக்க வேண்டியிருந்தாலும் திறந்த முறையே சிறந்தது. எல்லாவற்றையும் துளை வழியே செய்கிறேன் என்று வாக்களிப்பவரிடம் நோயாளி சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. தோலுக்கு வெளியே நிற்கும் கம்பியைச் சுற்றிக் கிருமி தொற்றலாம். கம்பி தளரலாம். மருத்துவர் எலும்பை நேரில் பார்க்காமல் திரையில் பார்ப்பதால் அனுபவம் மிக அவசியம். மிக அரிதாகச் சிறு நரம்பு கிளை அடிபட்டு விரல் ஓரம் மரத்துப் போகலாம். வெட்டிய எலும்பு சேரத் தாமதமாகலாம்.

இந்தத் தாமதத்துக்கு நோயாளியின் பழக்கமும் காரணமாகிறது. புகைபிடிப்பது எலும்புக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. அறுவைக்கு முன்பும் பின்பும் சில வாரங்களாவது அதை நிறுத்தியே ஆக வேண்டும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லையென்றால் தொற்று எளிதில் வரும். மலேசியாவில் 2023 ஆம் ஆண்டு நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. ஆகவே எலும்பை வெட்டும் முன் சர்க்கரையின் அளவைச் சரிபார்ப்பது கட்டாயம்.

மீதிப் பாதி நோயாளியின் கையில்

அறுவை சிகிச்சை முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. முதல் இரண்டு மூன்று நாட்கள் கையை இருதயத்துக்கு மேலே உயர்த்தி வைத்திருக்க வேண்டும். தொங்கவிட்டால் வீக்கம் ஏறும், வீக்கமே விரலை இறுக்கும். சில நாட்களில், மருத்துவர் அனுமதித்ததும், கை சிகிச்சையாளரின் மேற்பார்வையில் விரல்களை மெதுவாக மடக்கி நீட்டத் தொடங்க வேண்டும். ஒரு நாளில் ஒரே தடவை வெகுநேரம் செய்வதைவிட, ஒவ்வொரு மணி நேரமும் பத்துத் தடவை செய்வது நல்லது. பயிற்சி இல்லாத நேரத்தில் தாங்கு கட்டு இருக்கும்.

நான்கு முதல் ஆறு வாரங்களில் எக்ஸ்ரே பார்த்துக் கம்பிகளை எடுத்துவிடுவார்கள். கம்பி இருக்கும்வரை அந்த இடம் உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். எண்ணெய், மஞ்சள், பச்சிலை எதையும் பூசக் கூடாது. சிவந்து சீழ் வந்தால் மறு தேதிவரை காத்திராமல் உடனே போக வேண்டும். கனமான பொருளைத் தூக்கவும் இயந்திர வேலைக்குத் திரும்பவும் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை குடும்பத்தார் பொறுமை காக்க வேண்டும். "எல்லாம் ஆறிடுச்சே, இன்னும் ஏன் சும்மா இருக்கே?" என்று கேட்பதால் அவர் அவசரப்பட்டு வேலைக்குப் போய், எடுத்த சிரமமெல்லாம் வீணாகலாம்.

செலவும் சொக்சோவும்

விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்ற பயம்தான் பலரையும் சிகிச்சையிலிருந்து தள்ளி நிறுத்துகிறது. சந்தா செலுத்தும் தொழிலாளிக்கு மலேசியாவில் சொக்சோ பாதுகாப்பு உண்டு. வேலையிடத்தில் மட்டுமன்றி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்தும் அதில் அடங்கும். விபத்து பற்றித் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு நான்கு நாட்களுக்குக் குறையாமல் இருந்தால், கணக்கிடப்பட்ட சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். நிரந்தரக் குறை ஏற்பட்டால் மருத்துவ வாரியம் அதை மதிப்பிடும். 2019 ஜனவரி முதல் சட்டப்படி வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களும் இந்த வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

மேற்சொன்ன உதாரணத் தொழிலாளி, விழுந்த அன்றே எக்ஸ்ரே எடுத்து, விபத்தை முதலாளியிடம் சொல்லியிருந்தால், நான்கு நாள் ஓவர்டைமுக்காக மூன்று மாத வருமானத்தை இழந்திருக்க மாட்டார். விபத்தை அன்றே பதிவு செய்வது, கிளினிக் சீட்டுகளையும் எக்ஸ்ரே அறிக்கையையும் பத்திரமாக வைப்பது இரண்டும் பின்னாளில் பெரிதும் கைகொடுக்கும்.

குடிமக்கள் அரசு மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை பெறலாம். எலும்பு முறிவுப் பிரிவில் காட்டி, கை அறுவை நிபுணரிடம் அனுப்பும்படி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கை அறுவையில் இந்த நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. 2000 ஆம் ஆண்டு மே மாதம் செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் வி. பத்மநாதன் தலைமையிலான குழுவினர், பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தைக்கு, அதன் இரட்டைப் பிறவியின் கையைப் பொருத்தி உலகின் கவனத்தை ஈர்த்தார்கள். அத்தகைய திறமை உள்ள நாட்டில், ஒரு விரல் எலும்பு கோணலாகச் சேர்ந்ததற்காக ஒரு தொழிலாளி தம் பிழைப்பை இழக்க வேண்டியதில்லை.

கையில் அடிபட்டால் அன்றே எக்ஸ்ரே எடுங்கள். வீக்கம் சற்று வடிந்ததும் கையை மூடிப் பாருங்கள். மறு எக்ஸ்ரேக்குச் சொன்ன தேதியில் போங்கள். இவற்றைத் தவறவிட்டு விரல் ஏற்கெனவே கோணலாகச் சேர்ந்துவிட்டதா? தலைவிதி என்று விட்டுவிடாமல், கரண்டி கேட்கும் கூச்சத்தையும் ஒதுக்கி வைத்து, மருத்துவரிடம் அந்தக் கையை நீட்டுங்கள். சீக்கிரம் நீட்டினால் சிறு துளையே போதுமானதாக இருக்கலாம்.